என் கண் படாத கண்ணாடித் தகடு

இத்தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைச் சந்திக்கும்போதெல்லாம் அடையாற்று முகத்துவாரப் படங்களைப் பற்றியே கேட்கிறீர்கள். எந்த லென்ஸ், எந்த நேரம், எத்தனை நொடி என்கிறீர்கள். அவற்றைச் சொல்லும் புத்தகங்கள் நிறைய உள்ளன. என்னைவிடத் தெளிவாகவே சொல்கின்றன. நான் சொல்ல விரும்புவது வேறொரு படத்தைப் பற்றி. என் ஸ்டூடியோவின் முத்திரையோடு வெளியே சென்ற படங்களுள் நான் பாராத முதல் படம் அது. அது ஏன் அப்படி ஆயிற்று என்பதை இதுவரை எவரிடமும் கூறியதில்லை. கூறினால் என் பெயருக்கு இழுக்கு என்று கருதியிருந்தேன். இப்போதும் அந்த எண்ணம் முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் வேறொருவருக்கு உரிய பெருமையை நான் நெடுங்காலம் மௌனமாக அனுபவித்துவிட்டேன். அது அதைவிடப் பெரிய இழுக்கு.

நான் பி.ஏ. தேறியவன். கோட்டையில் குமாஸ்தா வேலைக்குப் போகாமல் காமிராவைத் தூக்கியதற்காக உறவினர் பலர் என் வீட்டில் தண்ணீர் குடிக்கவும் தயங்கிய காலம் உண்டு. மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துக்கு அருகே ஒரு வாடகை வீடு, முன்கூடத்தில் ஸ்டூடியோ, பின்கட்டில் கிணற்றை ஒட்டித் தகரக் கூரை வேய்ந்த ஓர் இருட்டறை. பிழைப்புக்குக் குடும்பப் படங்கள். கல்யாணம், சீமந்தம், சஷ்டியப்தபூர்த்தி என்று வரிசையாக உட்கார வைத்து எடுப்பவை. மனத்துக்கு ஆறும் வானமும். மாம்பலத்து ஏரியைத் தூர்த்து மனை போட்டுக்கொண்டிருந்த அந்நாளில், எஞ்சியிருந்த நீரை மட்டும் பல விடியற்காலைகளில் எடுத்திருக்கிறேன்.

இயற்கைக் காட்சி எடுப்பவனுக்குத் தனிமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது வாய்த்ததில்லை. மூத்தவள் வேதாவுக்கு அப்போது எட்டு வயது. இளையவன் ஐந்து மாதக் கைக்குழந்தை, இரவெல்லாம் அழுவான். விடியற்காலையில் அவன் கண்ணயரும் ஒரு மணி நேரமாவது அவன் தாயார் தூங்கட்டும் என்று வேதாவை என்னுடன் அழைத்துச் செல்வது எங்கள் வீட்டு ஏற்பாடு. ஆகவே என் படங்கள் எல்லாமே, "அப்பா, இன்னும் எத்தனை நாழி?" என்ற கேள்விக்கு நடுவில் எடுக்கப்பட்டவை. என் ஆற்றுப் படமொன்றில் கீழ்ப்பகுதியைத் துணிந்து வெட்டியிருந்ததை ஒரு விமரிசகர் பாராட்டி எழுதினார். அந்த இடத்தில் வேதா கட்டிய மணல்வீடு இருந்தது. அவருக்கு நான் அதைத் தெரிவிக்கவில்லை.

ஒரு நாள் ராயப்பேட்டையிலிருந்து காசிம் என்ற இளைஞன் வந்தான். புத்தகங்களுக்கு அட்டை கட்டும் குடும்பம், தந்தை இல்லை. பினாங்கில் மாமன் கடையில் வேலைக்குப் போகிறான். கப்பல் அடுத்த திங்கட்கிழமை.

"எங்கம்மா மூஞ்சி ஒண்ணு கையில இருந்தா போதும் சாமி. அங்க போனா எத்தினி வருசம் ஆவுமோ, யாருக்குத் தெரியும்? இன்னா சொல்லியும் ஒத்துக்கல. நேத்துதான் சரின்னாங்க. ஒரே ஒரு தபா உக்காருவாங்களாம். வெளி ஆம்பள கண்ணு மட்டும் படக்கூடாதாம்."

கோஷா அனுசரிக்கும் அம்மையார். நான் காமிராவை நிறுத்திவிட்டு வெளியே போய்விடுவேன் என்றும், லென்ஸ் மூடியைத் திறந்து மூடுவதற்கு என் பெண் போதும் என்றும் சொன்னேன். கம்பீரமாகவே சொன்னேன். "உங்கம்மா மேல அந்நியன் கண் படாது. இது என் வாக்கு."

எந்த ஆளுக்கும் படம் பதியும் கண்ணாடித் தகடுகள் இரண்டு எடுக்க வேண்டும் என்பது நம் தொழிலின் முதல் விதி. ஒன்று கெட்டாலும் மற்றொன்று இருக்கும். குறித்த சனிக்கிழமை காலையில் என் கையில் சரியாக இரண்டு தகடுகள் இருந்தன. இரண்டும் ராயப்பேட்டைக்கு உரியவை. அங்கே போகுமுன் அடையாற்றுக் கரையைச் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று விடியுமுன்பே வேதாவுடன் புறப்பட்டேன். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. முகத்துவாரத்து மணல்மேட்டை மீனவர்கள் அன்றுதான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்டுக்கொரு முறை, தேங்கிய ஆறு அந்த வாய்க்கால் வழியே உடைத்துக்கொண்டு கடலில் விழும். மூன்று ஆண்டுகளாக அந்தக் கணத்துக்குக் காத்திருந்து தவறவிட்டவன் நான். ஒரு முறை குழந்தைக்குக் காய்ச்சல், ஒரு முறை ஒரு கல்யாணம், ஒரு முறை அரை மணி தாமதம். அன்று என் கண்ணெதிரே மேடு சரிந்தது. பழுப்பு நீர் எழும்பிப் பச்சை நீரில் விழுந்தது.

நான் விதியை மறந்தேன் என்று சொல்லமாட்டேன். நன்றாக நினைவிருந்தது. தெரிந்தே எடுத்தேன்.

ராயப்பேட்டைக்கு எஞ்சியது ஒரே தகடு.

அங்கே எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. முற்றத்தில் அம்மையார் அமரவேண்டிய முக்காலியில் வேதாவை உட்கார வைத்து, காமிராவின் பார்வையைச் சரிசெய்துகொண்டேன். பிறகு படுதாவுக்கு வெளியே நடைக்கு வந்து சுவரைப் பார்த்து நின்றேன். உள்ளே அம்மையார் வந்து அமர்ந்த அரவம் கேட்டது. வேதா மூடியை எடுத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினாள். "மூடிட்டேன் அப்பா!" என்றாள். காரியம் முடிந்தது என்று மகிழ்ந்தேன். அப்போதுதான் படுதாவுக்கு அப்பாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"இன்னா ஐயரே, முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சுதும்மா."

"இந்தப் பொட்டிக்குள்ள இப்ப என் மூஞ்சி கீதா?"

"இருக்கும்மா. ஆனா யார் கண்ணுக்கும் தெரியாது. மருந்துல கழுவினாத்தான் தெரியும்."

"கழுவுறது யாரு?"

கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் படித்தவன் நான். இந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பல ஆண்டுகளாக நான் எடுத்ததை நானே கழுவி வந்ததால், கழுவும்போதும் பார்க்கிறேன் என்பது நினைவிலிருந்தே மறைந்துபோயிருந்தது. காசிம் எனக்காகப் பதில் சொன்னான்.

"ஐயருதாம்மா கழுவணும். வேற யாரு கழுவுவாங்க?"

"அப்ப எடுக்கசொல்ல மட்டும் எதுக்குடா அவர வெளிய நிக்க வச்ச? கதவ சாத்திட்டு ஜன்னலத் தொறந்து வச்சாப்புல கீது." பிறகு என்னை நோக்கி, மிகுந்த மரியாதையுடன், "தப்பா நெனச்சிக்காதீங்க ஐயரே. அந்தக் கண்ணாடிய இங்கயே ஒடச்சிப் போட்டுட்டுப் போயிடுங்க" என்றார்.

"அம்மா! நாளன்னிக்கிக் கப்பல்!" என்றான் காசிம்.

நண்பர்களே, நெருக்கடியில் மனிதன் தன் இயல்பைக் காட்டிவிடுகிறான். என் இயல்பு, தெரியாது என்று ஒப்புக்கொள்ள மறுப்பது. தகட்டை உடைத்திருக்கலாம், யோசிக்க அவகாசம் கேட்டிருக்கலாம். நான் சொன்னது இது: "உடைக்க வேண்டாம்மா. எங்காத்துல கழுவறது நான் இல்லை. என் சம்சாரம்."

"நெசமாவா?"

"பதினோரு வருஷமா அவதான் கழுவறா."

உள்ளே வேதா பெட்டியை மூடும் ஓசையும் ஏதோ கிசுகிசுப்பும் கேட்டன. "அப்ப சரி. எடுத்துக்கினு போங்க. ஆனா அச்சுப் போட்டப்புறம் அந்தக் கண்ணாடி எங்கிட்ட வந்துடணும்" என்றார்.

வீடு திரும்பும் ஜட்காவில் வேதா நெடுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அம்மா எப்போ கழுவினா?" என்றாள்.

"நாளைக்குக் கார்த்தால" என்றேன்.

என் மனைவி அந்த இருட்டறை வாசலை ஒரு நாளும் மிதித்தவள் அல்லள். காரணம் நான்தான். மணமான புதிதில், என் கல்வியைக் காட்டிக்கொள்ளும் ஆசையால், தகட்டின்மேல் பூசியிருக்கும் பசை எதிலிருந்து காய்ச்சப்படுகிறது என்று சாப்பிடும்போது விளக்கினேன். மாட்டு எலும்பு என்ற சொல்லைக் கேட்டதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அன்றுமுதல் இருட்டறையிலிருந்து வந்தால் நான் கிணற்றடியில் குளித்த பிறகே சமையலறைப் பக்கம் போகலாம். அப்படிப்பட்டவளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். இரண்டு தகடுகளில் ஒன்றை ஆற்றில் செலவிட்டதையும் மறைக்கவில்லை.

அவள் குழந்தையைத் தோளில் தட்டியபடியே கேட்டாள். "நேக்கே தெரியாம நேக்குப் பதினோரு வருஷ உத்தியோகமா? பேஷ்!"

"அந்த நிமிஷத்துல வேற ஒண்ணும் தோணலை."

"அந்தப் பிள்ளையாண்டானையே கழுவச் சொல்றதுதானே? அவன் அம்மாவை அவன் பார்த்தா என்ன?"

உண்மைதான். அதுவும் எனக்குத் தோன்றவில்லை. "இப்போ போய்ச் சொன்னா, நான் சொன்னது பொய்னு ஆயிடும்" என்றேன்.

"பொய்தானே?"

வேறு வழி ஒன்று இருந்தது என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். நானே இருட்டறைக்குள் போய்க் கழுவிவிட்டு அவள் கழுவினாள் என்று சொல்லிவிடலாம். எவருக்கும் தெரியப்போவதில்லை. மாலை முழுவதும் அந்த எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. கௌரவமான மனிதன் என்று பெயரெடுத்த எனக்கு அது வந்தது என்பதை உங்களுக்காகவே எழுதிவைக்கிறேன். அன்று விளக்கேற்றிய பிறகு என் மனைவியே வந்து சொன்னாள்:

"அந்த அம்மா கண்ணாடியை உடைக்கச் சொன்னாளாமே. பிள்ளை படத்தைவிட அவளுக்கு அது பெரிசு. நம்மாத்து மடி மாதிரிதானே அவாளுக்கும்? நான் கழுவறேன். கழுவிட்டுத் தலைக்கு ஸ்நானம் பண்ணிக்கறேன். ஆனா நேக்கு ஒரு தரம் பழகிப் பார்க்கணும். ஒண்ணு கெட்டாலும் பாதகமில்லாத தகடு இருக்கா?"

படம் பதிந்த தகடு வீட்டில் இன்னொன்று மட்டுமே இருந்தது. ஆறு கடலில் விழும் தகடு. நகரத்துக் கண்காட்சிக்கென்று மனத்துக்குள் சட்டமே போட்டு மாட்டியிருந்தேன்.

"இருக்கு" என்றேன்.

சென்னை வெயிலில் பசை இளகித் தகட்டிலிருந்தே வழுக்கிவிடும். ஆகையால் ஞாயிறன்று விடியற்காலையில், தொட்டியில் பனிக்கட்டி மிதக்கவிட்டு, அவள் உள்ளே போனாள். சிவப்பு விளக்கையும் மருந்துகளையும் முன்பே ஒழுங்குசெய்து காட்டியிருந்தேன். நான் வாசலில் கைக்குழந்தையுடன் நின்று கதவின் வழியே கட்டளையிட்டேன்.

"வரதா?"

"ஏதோ வரது. கறுப்பா... கரை மாதிரி இருக்கு. ஐய, அழகா வரதே!"

அப்போது குழந்தை விழித்துக்கொண்டான். அவன் அழுகை அந்தத் தெருவில் பிரசித்தம். "போதும், எடு!" என்று நான் கத்தினேன். அவள் காதில் விழவில்லை. "என்ன? இன்னும் ஊத்தணுமா?" என்று உள்ளிருந்து கேட்டாள். "எடு, எடு!" என்றேன். "ஊத்திட்டேன்!" என்றாள். மூன்றாண்டுக் காத்திருப்பு தாரைப் போலக் கறுத்து வெளியே வந்தது. அவள் அதை இரு கைகளிலும் ஏந்தி வாசலில் நின்றாள்.

"கெட்டுப்போச்சா?"

"பாதகமில்லை" என்றேன். அதன்பின் ஓராண்டு வரை அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு வலித்தது. அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

அவள் சிறிது யோசித்தாள். "பால் காய்ச்சறாப்பலதான் இருக்கு. பொங்கறதுக்கு ஒரு க்ஷணம் முன்னாடி இறக்கணும். வாசல்ல நின்னு ஒருத்தர் சத்தம் போட்டா எந்தப் பாலும் பொங்கத்தான் செய்யும். குழந்தையை எடுத்துண்டு தெருப்பக்கம் போங்கோ."

என் இருட்டறையில் எனக்கு உத்தரவிட்ட முதல் ஆள் அவள்தான், நான் கீழ்ப்படிந்தேன். வேதாவையும் அழைத்துக்கொண்டு, அழும் மகனைத் தோளில் போட்டு, தெப்பக்குளத்தை இரண்டு முறை சுற்றினேன். குளிக்க வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பட்டதாரி ஒருவன் கைக்குழந்தையுடன் காலை வேளையில் வீதி சுற்றுவது அந்நாளில் காணக்கூடிய காட்சி அன்று. தெரிந்தவர் ஒருவர், "என்ன ஓய், ஆத்துல யாருமில்லையோ?" என்றார். "இருக்கா. வேலையா இருக்கா" என்றேன். அந்த வாக்கியத்தை நான் அதற்குமுன் ஒரு முறையும் சொன்னதில்லை.

திரும்பியபோது அவள் குளித்து ஈரத்தலையுடன் நின்றாள். அம்மையாரின் தகடு இருட்டறையில் காய்ந்துகொண்டிருந்தது. மதியம் அவளே மொட்டைமாடி வெயிலில் தகட்டோடு அச்சுக் காகிதத்தை வைத்துப் படம் எடுத்தாள். நான் கீழேயே இருந்தேன். முகத்தில் தெளிவு இருக்கிறதா, கண் அசைந்துவிட்டதா, ஒன்றும் எனக்குத் தெரியாது. என் முத்திரையோடு கடல் கடந்து போகப்போகிற படம்! பொறுக்கமாட்டாமல், "எப்படி இருக்கா அந்த அம்மா?" என்று கேட்டேன்.

"சொன்னா, பார்த்த மாதிரிதான்" என்று சொல்லி அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

பிற்பகல் காசிம் வந்தான். உறையை அவன் பிரிக்கும்போது நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்னப்பா, சரியா வந்திருக்கா?"

"மூலையில ஒரு பெருவிரல் ரேக கீது சாமி."

அப்படியொரு தகடு என் கையால் வந்திருந்தால் உடைத்து எறிந்திருப்பேன். "வேற?"

"அம்மா மொறைக்கிறாங்க."

"அடடா."

"இல்ல சாமி. நான் துன்னாம கெளம்புனா இப்படித்தான் மொறைப்பாங்க. இத செவுத்துல மாட்டி வச்சேன்னா, பினாங்குல ஒரு நாளும் பட்டினி படுக்க முடியாது." சிரித்தான் என்று நினைக்கிறேன், மூக்கை உறிஞ்சும் ஒலியும் கேட்டது.

குறையுள்ள படத்துக்கு முத்திரை வைப்பதில்லை என்பது என் வழக்கம். அன்று, அட்டையைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி, முதுகுப்புறம் முத்திரை குத்தினேன். குறையா நிறைவா என்று தீர்ப்புச் சொல்ல நான் அதைப் பார்த்திருக்கவில்லை. பார்த்தவர்கள் இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது. தீர்ப்பு எப்போதும் நம்முடையது அன்று என்பதை இந்தத் தொழிலில் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டவன் நான். நீங்கள் விரைவில் கற்றுக்கொள்ளுங்கள்.

செவ்வாயன்று, தகட்டைத் துணியில் சுற்றிக் கட்டி வேதாவுடன் ராயப்பேட்டைக்குப் போனேன். கப்பல் முந்தின நாளே போய்விட்டிருந்தது. நான் படுதாவுக்கு வெளியே நின்றேன். வேதா உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"ஐயரே, ஒண்ணு கேக்கறேன்" என்றது அந்தக் குரல். "என் மூஞ்சியப் பத்தி ஒங்க வீட்டம்மா இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலைம்மா. கேட்டுப் பார்த்தேன். சொல்லமாட்டேன்னுட்டா."

உள்ளே அவர் சிரித்தார். முதியவள் ஒருத்தி அவ்வளவு உரக்கச் சிரித்து நான் கேட்டதில்லை.

"அப்ப நெசமாவே அவங்கதான் கழுவினாங்க! அன்னிக்கு நீங்க சொன்னது பொய்யின்னு எனக்கு அப்பவே தெரியும். பொட்டி மூடசொல்லவே ஒங்க பொண்ணு எங் காதோட சொல்லிடுச்சே, 'எங்கம்மா அந்த இருட்டு ரூமுக்கே போகமாட்டா பாட்டி'ன்னு."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. "தெரிஞ்சுமா தகட்டைக் கொடுத்தனுப்பினேள்?" என்றேன்.

"மூஞ்சிய மூடிக்கினு இருக்கிறவளுக்குக் காது நல்லா கேக்கும் ஐயரே. பொய் சொல்லிட்டு ஒங்க குரலு எப்பிடி ஆயிப்போச்சு தெரியுமா? இந்த ஆளு இத நெசமாக்காம தூங்கமாட்டாருன்னு நெனச்சேன். ரெண்டு நாளு குடுத்துப் பாப்போம்னு உட்டுட்டேன்."

அந்த அம்மையாருக்கு நான் என்றும் நன்றியுடையவன். அதற்கு முன்னும் பின்னும் பல பெரியவர்கள் என்னைப் புகழ்ந்ததுண்டு. என் பொய்யை அறிந்தும் என்னை நம்பியவர் அவர் ஒருவரே. என் மனைவிக்குச் செலுத்த வேண்டிய நன்றியோ இன்னும் பெரிது. பிற்காலத்தில் ராயப்பேட்டையிலும் திருவல்லிக்கேணியிலும் கோஷா இல்லங்களின் படங்களுக்கு என் ஸ்டூடியோ பெயர் பெற்றது என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் படங்களில் ஒன்றையும் எடுத்தவன் நானல்லன், கழுவியவனும் நானல்லன். அவள் உள்ளே வேலை செய்த அந்நாட்களில் நான் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். எஞ்சிய விடியல்களில் ஆற்றங்கரைக்குப் போனேன். நீங்கள் புகழும் முகத்துவாரப் படங்கள் அப்படிக் கிடைத்தவை.

அன்று விடைபெறும்போது படுதாவுக்குள்ளிருந்து கடைசியாக ஓர் உத்தரவு வந்தது.

"எம் மருமவ, தங்கச்சி, தங்கச்சி பொண்ணுங்க, எல்லாரும் உக்காருறாங்களாம். ஒங்க வீட்டம்மாவ வரச் சொல்லுங்க ஐயரே. நீங்க வரணும்னா, பொட்டியத் தூக்கிக்கினு வாங்க."

அடுத்த சனிக்கிழமை, என் மனைவி முன்னே நடக்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.